த. ஓ. 2

புறங்கையை வைத்துப் பார்த்தாள். கால் சில்லென்றிருந்தது. லாயத்தில் என்றால் இதைவிட நல்ல செய்தி கிடையாது. காலையில் முதல் வேலையாக அடிபட்ட காலில் புறங்கையை வைத்து, சூடு இல்லை என்று தெரிந்தால், மனசுக்குள் ஒரு விசில் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் இது லாயம் இல்லை, படுக்கையறை. கால் குதிரையுடையது இல்லை, அவள் வீட்டுக்காரருடையது.

இன்னொரு காலையும் தொட்டுப் பார்த்தாள். ஒரு காலை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லக்கூடாது, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது அவர் சட்டம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மணி ஆறு பத்து.

போர்வையை இழுத்துக் காலை மூடினாள். சன்னலைச் சாத்தப் போன கை பாதியில் நின்றது. அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பத்து நாளாகக் கட்டில் அந்தச் சன்னலை ஒட்டித்தான் கிடந்தது. இதயம் பழைய மோட்டார் பம்பு மாதிரி ஆகிவிட்டது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்தபோது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும், நன்றாகக் கேட்கும் வலது காது ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். வீடு, சவாரி கிளப்பின் பின்வாசலுக்கு நேர் எதிரே. கிளப்பின் லாயம் முப்பது வருஷமாக அவர் பொறுப்பில் இருந்தது. அவள் அங்கே புதிதாகச் சவாரி பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். வயது ஐம்பத்திநாலு. ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

தினமும் காலை ஏழரைக்கு அந்தப் பின்வாசல் வழியாக ஒரு செம்பழுப்புக் குதிரை ரோட்டுக்கு வரும். முதுகில் டீச்சர் இருப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நாலு கால் சத்தத்தையும் எண்ணுவார். அவள் திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: இடது முன்னங்கால் நேற்றைவிட அழுத்தமாக விழுகிறது, பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் தயங்கியது, அங்கே ஜல்லி கிடக்கிறதா பார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் உடுப்பைப் பற்றியோ சமையலைப் பற்றியோ இத்தனை நுணுக்கமாக அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. குதிரையின் கால் சரியாக விழுந்த நாளில் வீட்டில் குழம்புக்கு உப்பு குறைந்தாலும் செல்லுபடியாகும்.

கிளப் பதிவேட்டில் அந்தக் குதிரைக்கு ‘வெற்றித் திருமகள்’ என்று பெயர். கிளப்பின் தலைவர் யோசித்து யோசித்து வைத்தது. டீச்சரின் வீட்டுக்காரர் அதைக் ‘கழுதை’ என்றுதான் கூப்பிடுவார். அதுவும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கும்.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு போட்டி. முந்தின நாள் பெய்த மழையில் மைதானம் சேறாகக் கிடந்தது. இதில் குதிரையைத் தாண்டவிடக்கூடாது என்று அவர் சொன்னார். ஆனால் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள், நாற்காலிகளுக்கு உறை போட்டாகிவிட்டது. ஒரு மழைக்காக நிகழ்ச்சியை நிறுத்துவது கிளப்பின் கௌரவத்துக்கு அழகில்லை என்று தலைவர் கருதினார். மழைக்கு அந்தக் கௌரவம் தெரியவில்லை. இரண்டாவது தடையைத் தாண்டி இறங்கிய இடத்தில் கழுதையின் இடது முன்னங்கால் புதைந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி இறங்கும் தசைநார் பாதி கிழிந்தது. அன்று சாயங்காலம் பேசிய தலைவர், குதிரைக்குக் கவனம் போதவில்லை என்றார்.

கிளப்பின் நிர்வாகக் குழு கூடியது. எண்பத்திநாலு நாள் அவகாசம். எண்பத்திநாலாம் நாள் குழுவின் முன்னால், குதிரை மருத்துவர் பார்க்க, குதிரை நொண்டாமல் ஓட வேண்டும். ஓடினால் இருக்கலாம். இல்லையென்றால் கழித்துவிடுவது. கழித்துவிட்ட குதிரைகள் எங்கே போகின்றன என்று குழு கேட்பதில்லை. வாங்கிக்கொண்டு போகிறவனும் சொல்வதில்லை.

இதற்கிடையில்தான் ‘தலைவர் திடல்’ என்ற புது மைதானம் வந்தது. அடிபட்ட காலுக்கு மெத்தென்ற தரைதான் நல்லது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், தலைவருக்குத் தெரியாதா? எங்கிருந்தோ மணல் வந்தது. மாவு மாதிரி மணல், கணுக்கால் புதையும் ஆழம், நடுநடுவே ரப்பர் துணுக்குகள். பஞ்சு மெத்தை என்று அதைத் திறந்துவைத்துச் சொன்னார். கல்வெட்டில் தன் பேரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கழுதைக்கு இனி அங்கேதான் பயிற்சி என்று அறிவித்தார். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து டீச்சரின் வீட்டுக்காரர் எழுந்தார்.

“மெத்தையில படுக்கலாங்க. ஓட முடியாது.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அதைத் தலைவர் மன்னிக்கவில்லை.

அவர் அதோடு உட்காரவும் இல்லை. கட்டில் மெத்தை மேலே ஏறி நின்று நாலு எட்டு நடந்து பாருங்கள், கெண்டைக்கால் எப்படி இழுக்கிறது என்று தெரியும் என்றார். ஆழ மணலில் ஒவ்வொரு எட்டுக்கும் குளம்பு புதையும், கணு இன்னும் கீழே இறங்கும், பின்னால் இருக்கிற நார் ரப்பர் மாதிரி நீளும். முழு நார் நீளலாம், பாதி நார் நீண்டால் மிச்சமும் போகும். தார் ரோடு காலை அடிக்கும், மணல் காலை இழுக்கும். நடக்கிற குதிரைக்கு அந்த அடி ஒரு பொருட்டே இல்லை, இழுப்புதான் ஆகாது. முதலில் கெட்டியான சமதரையில், நேர்கோட்டில், வளையாமல் நடை. நார் கூடி இறுகிய பிறகு கொஞ்சம் ஓட்டம், அதுவும் கெட்டித்தரையில். அதற்கும் பிறகு, ரொம்பப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மெத்துத்தரை. மெத்தென்பது அடிபட்ட காலுக்குக் கொடுக்கிற சலுகை இல்லை, தேறிய காலுக்கு வைக்கிற பரீட்சை.

அவருடைய கருத்து கேட்டுப் பதிவு செய்யப்பட்டது. அந்தக் கிளப்பின் மொழியில் இதற்குக் குப்பைக்கூடை என்று அர்த்தம். அன்றிலிருந்து அவருக்குக் ‘கெட்டித்தரை’ என்று பேர் விழுந்தது. மருத்துவர் மட்டும் மணல் ஆகாது என்று கண்டிப்பாக எழுதிக் கொடுத்ததால் திடல் உத்தரவு தள்ளிப்போனது. திடலை மனப்பூர்வமாகப் பயன்படுத்தியவை கிளப்பின் மூன்று பூனைகள் மட்டுமே. அவை வேறெங்கும் போவதையே விட்டுவிட்டன.

அவர் பின்வாசல் ரோட்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சுவர், அதைத் தாண்டி மரமில், அதற்கும் அப்பால் இடுகாடு. நேரான ரோடு, மேடு பள்ளம் இல்லை. ஓரத்தில் சரிவு உண்டு. சரிவு ஒரு பக்க நாரை இழுக்கும் என்பதால் நட்டநடுவில்தான் நடத்துவார். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் போட்ட ஒட்டுத்தாரிலிருந்து ஜல்லி உதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் ஏழு மணிக்குத் துடைப்பத்தோடு போய் அந்த இருநூறு அடியையும் பெருக்கிவிட்டு வருவார். நகராட்சிக்குச் சம்பளமில்லாத ஆள் கிடைத்துவிட்டான் என்று மரமில்லில் கேலி பேசினார்கள். படுத்த பிறகு அந்தத் துடைப்பம் டீச்சர் கைக்கு வந்தது.

தலையணைக்கு அடியில் கையை விட்டு அவருடைய குறிப்பேட்டை எடுத்தாள். முதல் நாளே எண்பத்திநாலு வரியும் எழுதி முடித்திருந்தார். மனுஷன் கடிதம்கூட எழுதத் தெரியாதவர். இரண்டு எழுத்து, ஒரு எண், அவ்வளவுதான் எழுத்து வேலை. முதல் வரி ‘த. ந. 5.’ தாரில் நடை ஐந்து நிமிஷம். வாரத்துக்கு வாரம் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மறுநாள் காலை கால் சூட்டைப் பார்த்து ஒரு சின்ன ‘சரி’. ஐம்பதாம் நாளுக்குப் பக்கத்தில் ‘முதுகில் இவள்’ என்று எழுதியிருந்தார். குறிப்பேடு முழுவதிலும் அவளைப் பற்றி இருந்தது அந்த இரண்டு சொல்தான்.

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். ‘84: த. ந. 40. த. ஓ. 2.’

தாரில் நடை நாற்பது நிமிஷம். தாரில் ஓட்டம் இரண்டு நிமிஷம். இன்றைக்கு.

நேற்று மத்தியானம்கூடக் கேட்டார், நாளைக்குச் சத்தம் மாறுமில்லையா என்று. நடை என்றால் நாலு சத்தம், ஓட்டம் என்றால் இரண்டிரண்டு காலாகச் சேர்ந்து விழுந்து இரண்டே சத்தம். அந்த இரண்டைக் கேட்க வேண்டும் என்றுதான் பத்து நாளாகச் சன்னல் பக்கம் படுத்திருந்தார். எதிர்ப்பக்கம் கிளப்பிலிருந்து கழுதை ஒரு தடவை கனைத்தது. ஏழரை ஆகிவிட்டதாம்.

பத்து மணிக்கெல்லாம் அவருடைய அக்கா வந்துவிட்டார். தம்பியைவிட ஆறு வயசு மூத்தவர். அழ வேண்டிய அளவுக்கு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய் யார் யாருக்குக் காபி என்று கணக்கெடுத்தார். கிளப்பின் குதிரை மருத்துவரும் வந்தாள். சின்ன வயசுப் பெண், தொட்டுப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பவள், அதனாலேயே அவருக்குப் பிடித்தவள். டீச்சர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, இன்றைக்கு முடியாது என்றால் குழுவிடம் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்வதாகச் சொன்னாள். தள்ளிவைக்க மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தலைவருக்கு வேறு திட்டம் இருந்தது.

பதினொன்றரைக்குத் தலைவர் வந்தார். முதலில் மலர்வளையம்தான் வந்தது. அது வாசலில் நுழையவில்லை, சாய்த்து நுழைத்தார்கள். அதன் குறுக்கே ஒரு பட்டைத் துணி. இறந்தவரின் பேர் சின்ன எழுத்தில், கொடுத்தவரின் பேர் பெரிய எழுத்தில். அவசரத்தில் பார்க்கிறவர்களுக்குச் செத்தது யார் என்று குழப்பம் வரும். பின்னாலேயே ஒரு புகைப்படக்காரர், ஊதுகுழல்காரர் இரண்டு பேர், குழு உறுப்பினர்கள் ஆறு பேர். எல்லாருக்கும் நடுவில் பதக்கங்களும் முழங்கால் வரைக்கும் புத்தம்புது சவாரி பூட்ஸுமாகத் தலைவர்.

அவர் கைகூப்பினார். குரலைத் தழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மறைந்தவர் கிளப்பின் தூண், கருத்து வேறுபாடுகள் இருந்தன, ஆனால் மரணம் எல்லாவற்றையும் சமன் செய்துவிடுகிறது. ஆகவே ஒரு அஞ்சலி. மூன்று மணிக்கு உடலை ஏற்றிய வண்டி புறப்பட்டு முதலில் திடல் வாசலில் நிற்கும். அங்கே பன்னிரண்டு பக்க உரை. அதன் பிறகு தலைவரே வெற்றித் திருமகள் மீது ஏறித் திடலில் நாலுகால் பாய்ச்சலில் மூன்று சுற்று வருவார். இன்றைக்கு எண்பத்திநாலாம் நாளும் ஆகிவிட்டபடியால், பரீட்சையும் அஞ்சலியும் ஒரே செலவில் முடிந்துவிடும்.

தலைவரின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ, பதக்கங்கள் நீங்கலாக.

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று சுற்று வேண்டாம். அந்த மணலில், அந்த எடையோடு, ஒரு வளைவு போதும். பன்னிரண்டு வாரமாக நூல் நூலாகக் கூடிய நார் ஒரு வளைவில் போய்விடும். மருத்துவர் எழுந்து நின்று, மணலில் கூடவே கூடாது என்றாள். தலைவர் அவளைப் பார்த்துப் பெரிய மனதோடு புன்னகைத்தார். குதிரை கிளப்புடையது, கிளப் அவருடையது. அப்போதுதான் டீச்சர் கையிலிருந்த குறிப்பேட்டைக் கவனித்தார். அன்னாரின் கையெழுத்தா என்று உருகினார். மெதுவாக அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். உதடு அசைந்தது. முகம் விளக்கு போட்ட மாதிரி ஆனது.

“பாத்தீங்களா,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “கடைசியில மனுஷன் மனசு மாறிட்டார். தன் கையாலயே எழுதி வெச்சிருக்கார். எண்பத்திநாலு, த. தலைவர் திடல்.”

மருத்துவர், “சார், அது தா—” என்பதற்குள் டீச்சர் அவள் காலை மிதித்தாள்.

தார் என்று சொல்லலாம். இந்தத் ‘த’ முதல் நாளிலிருந்தே இருக்கிறது, அப்போது உங்கள் திடலுக்கு மணலே வரவில்லை என்றும் சொல்லலாம். அவர் உயிரோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அப்படித் திருத்தித் திருத்தித்தான் முப்பது வருஷமாக ஒரு குழுக் கூட்டத்திலும் அவர் ஜெயிக்கவில்லை. டீச்சர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எதுவும் சொல்கிற மாதிரி தெரியவில்லை.

“திடல்னா ‘தி’ போட்டிருப்பாருங்க,” என்றாள் மெல்ல. “வெறும் ‘த’தான் போட்டிருக்கார். அது நீங்க.”

“நானா?”

“தலைவர்.”

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். தன்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை என்றாலும், தான் இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

“அப்போ இந்த ‘ந’?”

“நடை. தலைவர் நடை நாப்பது நிமிஷம். இங்கேர்ந்து இடுகாட்டுக்கு அவ்வளவுதாங்க ஆகும். முன்னால நீங்க, உங்க பின்னால குதிரை, அதுக்குப் பின்னால அவர். அவரு நடத்தின ரோட்டுலயே.”

குழு உறுப்பினர்கள் உருக்கமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்கு மார்பு விரிந்தது. விரிந்த மார்பு அடுத்த எழுத்தைப் பார்த்ததும் கொஞ்சம் சுருங்கியது.

“இந்த ‘ஓ’?” என்றார். குரலும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

“ஓட்டம்,” என்றாள் டீச்சர். “ரெண்டே நிமிஷந்தான்.”

புகைப்படக்காரர் படம் எடுத்தார். இனி பின்வாங்க வழியில்லை.

பேச்சும் ஊதுகுழலும் மட்டும் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது என்று கேட்டுக்கொண்டாள். அது பொய் இல்லை. குதிரை நடக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும், சத்தம் காதில் விழாது என்று. மௌன அஞ்சலி என்று ஒரு உறுப்பினர் அதற்கு உடனே பேர் வைத்தார். பன்னிரண்டு பக்கமும் தலைவரின் சட்டைப்பைக்குள் திரும்பிப் போயின.

அவர்கள் போன பிறகு சமையலறை வாசலிலிருந்து நாத்தனார் கேட்டார்.

“குதிரை மேல ஏறுறது யாரு?”

“நான்தான்க்கா.”

நாத்தனார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“புருஷன் கடைசியாப் போறப்ப முன்னால குதிரை ஏறிப் போற பொம்பளைய நான் எங்கயும் பாத்ததில்ல.”

“நானும் பாத்ததில்லக்கா.”

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் சம்மதம் இருந்ததா சண்டை இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டரை மணிக்கு டீச்சர் பூட்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி வந்து நின்றார்.

“அவன் தொடப்பம் எங்க இருக்கு?”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னால் என்றாள். நாத்தனார் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. டீச்சர் குதிரை மேல் ஏறுவதற்கு முன் வண்டியின் ஓட்டுநரிடம் போய், பின்பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிடச் சொன்னாள். உள்ளே ஏசி ஓடுகிறதே அம்மா, எதற்கு என்றார் ஓட்டுநர். காற்று வரட்டும் என்றாள். அவர் இறக்கிவிட்டார்.

முன்னால் தலைவர், ரோட்டின் நட்டநடுவில். ஆறு எட்டு பின்னால் கழுதை. அதன் பின்னால் வண்டி, ஓட்டுநர் பக்கத்தில் மருத்துவர். அதற்குப் பின்னால் குழுவும் மரமில் ஆட்களும் சவாரி பழகுகிறவர்களும். யாரும் பேசவில்லை. பன்னிரண்டு வாரத்தில் அந்த ரோடு அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. டக், டக், டக், டக். நாலும் நாலு தனித்தனிச் சத்தமாக, எண்ணி வைத்த மாதிரி விழுந்தன. நாலாவது, இடது முன்னங்கால். மற்ற மூன்றுக்கும் அது இளைத்ததில்லை.

சவாரி பூட்ஸ் என்பது உட்காருவதற்காகச் செய்யப்படுவது. ஐந்து நிமிஷத்தில் தலைவருக்கு அது புரிந்தது. பத்து நிமிஷத்தில் அவருடைய நடையில் ஒரு தயக்கம் தெரிந்தது. வலது காலில் லேசான நொண்டல், குதிகாலில் சூடு இருக்கலாம் என்று டீச்சர் தன்னை மீறி மனசுக்குள் குறித்துக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம்.

பள்ளிக்கூடச் சுவர் வந்தது. ஜல்லி உதிரும் இடம். டீச்சர் கீழே பார்த்தாள். ஒரு கல் இல்லை. தார் கழுவிவிட்ட மாதிரி கறுப்பாகக் கிடந்தது. சுவர் முடிகிற இடத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். தலைமயிர் கலைந்து, புழுதி அப்பிய முகத்தோடு, துடைப்பத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு. அறுபத்தெட்டு வயசு. கழுதை தாண்டிப் போகும்போது டீச்சரின் கண்ணைப் பார்க்காமல், குதிரையின் காலை மட்டும் பார்த்தார்.

இங்கிருந்து மரமில் வாசல் வரைக்கும் இரண்டு நிமிஷம்.

“ஐயா,” என்று டீச்சர் முன்னால் பார்த்துச் சொன்னாள். “ஓட்டம்.”

தலைவர் திரும்பிப் பார்த்தார். நானூறு கிலோவுக்கு மேலான ஒரு குதிரை காதை முன்னுக்கு நீட்டிக்கொண்டு அவரை நோக்கி வேகம் கூட்டுவதைக் கண்டார். வாழ்க்கையில் பல பதவிகளுக்கு முன்னால் ஓடியவர்தான். ஒரு குதிரைக்கு முன்னால் ஓடுவது இதுவே முதல் தடவை. ஓடினார். பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன.

டீச்சர் குதிகாலால் லேசாக ஒரு தொடல்தான் கொடுத்தாள். எண்பத்திமூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட்ட மாதிரி கழுதை முன்னால் வந்தது. முதல் இரண்டு எட்டு அவளுக்குக் காதே அடைத்துக்கொண்டது. அப்புறம் கேட்டது.

டக், டக். டக், டக்.

ஒன்று பெரிசு ஒன்று சின்னது இல்லை. ஒன்று முந்தி ஒன்று பிந்தி இல்லை. பின்னால் விட்டுவந்த பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த எதிரொலியும் அதேபோல் சமமாக இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, அந்தத் தாளத்தோடு போனாள். கண்ணில் காற்று அடித்தது. பின்னால் வண்டி வேகம் கூட்டி நெருங்கி வருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மரமில்லில் ரம்பத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் தன்னை அறியாமல் கைதட்ட ஆரம்பித்து, இது என்ன ஊர்வலம் என்று நினைவு வந்து, கையை அப்படியே கூப்பிக்கொண்டார்.

மரமில் வாசலில் இழுத்து நடைக்கு மாற்றினாள். வண்டியின் சன்னல் வழியாக மருத்துவர் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தாள்.

“டீச்சர்,” என்றாள். “சமமா இருக்கு. ரெண்டும் சமமா இருக்கு.”

குழு உறுப்பினர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மருத்துவர் இறங்கி எல்லார் முன்னாலும் காலைத் தடவிப் பார்த்து, நொண்டல் இல்லை என்று அறிவித்தாள். குதிரை கிளப்பிலேயே இருக்கலாமா என்று தலைவரைக் கேட்டார்கள். தலைவர் மரமில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு பூட்ஸின் குதி கழன்று இருபதடி பின்னால் ரோட்டில் கிடந்தது. பேச வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கிளப்பின் சரித்திரத்தில் தலைவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அது.

அதற்கப்புறம் இடுகாடு வரைக்கும் நடை. நாலு சத்தம். அங்கே ஆக வேண்டியது ஆனது. எல்லாரும் ஒரு கை மண் போட்டார்கள். புதிதாக வெட்டிய மண், உதிரியாக, பொலபொலவென்று இருந்தது. நாத்தனார் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப மெத்துனு இருக்கே, அவனுக்குப் பிடிக்காதே என்றார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கும் வந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்துகொண்டு குலுங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனி ஆண்டுதோறும் இந்த நாளில் ‘தலைவர் ஓட்டம்’ நடைபெறும், சென்ற ஆண்டுகளைப் போலவே அனைவரும் ஒத்துழைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு லாயத்துக்குப் போனாள். திடலில் ஒரு பூனை குழி பறித்துக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டில் எண்பத்தைந்தாம் வரி இல்லை. கடைசி வரியின் முடிவில் இன்னும் ‘சரி’ போடவில்லை. ஓடின அன்று எல்லாக் காலும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலைதான் உண்மை தெரியும்.

கழுதை அவளைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தது. டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வைக்கோலில் குந்தினாள். வலது காலைத் தொட்டாள். பிறகு இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிப் புறங்கையை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

வெளியே யாரோ வாளியை வைத்தார்கள். யாரோ டீச்சர் என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றாள். கையை எடுக்கவில்லை.